பொருளியல் படிக்கும் பிள்ளை எப்படி முடிவெடுக்கிறது?



எமது ஆலயத்தின் தேர்த்திருவிழா நிறைவுற்ற அன்று மாலை, அன்னதான மண்டபத்தில் கிடாரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த வேளையில் ஒரு தாயார் என்னிடம் வந்தார். "மாஸ்ரர், மகள் ஏ லெவலுக்குப் பொருளியல்தான் எடுப்பன் எண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறாள். அது படிச்சால் பிள்ளையள் எல்லாத்துக்கும் லாப நட்டம் பாக்கத் தொடங்கிவிடுங்கள், தாய் தகப்பனுக்கும் கணக்குப் பாக்குங்கள் எண்டு இவர் சொல்லுறார். மெய்யே?" என்று கேட்டார்.

கையில் சவர்க்கார நுரையோடு நான் சொன்ன பதில் அரைகுறையானது. இக்கேள்வியை உலகின் பல பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள், பரிசோதனைகளும் செய்திருக்கிறார்கள் என்பதனால் அதனை இங்கே சற்று விரிவாக எழுத முனைகிறேன். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வாசித்துக் காட்டுவார்களாக.

ஊரில் நாம் படித்த காலத்தில் உயர்தர வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் கணிதப் பிரிவு அல்லது உயிரியல் பிரிவு. பொருளியலும் கணக்கியலும் வர்த்தகப் பிரிவுக்குரியவை. கேள்வி வளைகோடு, நிரம்பல் வளைகோடு என்று கரும்பலகையில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் படம்தான் பலருக்கு இன்றும் ஞாபகம். அதனால் இப்பாடம் காசைப் பற்றிய பாடம் என்ற எண்ணம் எம்மிடையே ஊறிவிட்டது. உண்மையில் இது தெரிவைப் பற்றிய பாடம். நேரமோ, பணமோ, நிலமோ அளவோடுதான் இருக்கிறது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விடவேண்டும். அந்த விடப்பட்ட ஒன்றுக்குத்தான் ஊர்ப் பாடநூலில் அமையச் செலவு என்று பெயர். இந்திய நூல்களில் வாய்ப்புச் செலவு என்பார்கள்.

இது எளிதாகத் தோன்றும். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். எரிக் கிளப்ரன் என்ற பாடகரின் இசை நிகழ்ச்சிக்கு உங்களுக்கு ஒரு ரிக்கற் இலவசமாகக் கிடைக்கிறது. அதனை விற்க முடியாது. அதே இரவில் பொப் டிலன் என்ற பாடகரும் பாடுகிறார். கிளப்ரனை விட்டால் அடுத்ததாக நீங்கள் போக விரும்புவது அங்கேதான். டிலனின் ரிக்கற் 40 டொலர். டிலனைப் பார்க்க நீங்கள் 50 டொலர் வரை கொடுக்கத் தயார். வேறு செலவு எதுவும் இல்லை. அப்படியானால் கிளப்ரனைப் பார்க்கப் போவதன் அமையச் செலவு எவ்வளவு? சுழியமா, 10 டொலரா, 40 டொலரா, 50 டொலரா?

மேலே வாசிக்குமுன் ஒரு விடையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

விடை 10 டொலர். டிலனிடம் போயிருந்தால் 50 டொலர் பெறுமதியான மகிழ்ச்சி கிடைத்திருக்கும், அதற்கு 40 டொலர் கைவிட்டுப் போயிருக்கும். ஆகவே கிளப்ரனிடம் போவதால் நீங்கள் இழப்பது மிச்சமான 10 டொலர் மட்டுமே. பவுல் ஃபெராரோ, லோரா ரெய்லர் என்ற இரு பொருளியலாளர்கள் 2005ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலாளர்களின் ஆண்டு மாநாட்டுக்கு வந்த 199 பேரிடம் இக்கேள்வியைக் கொடுத்தார்கள். சரியாக விடையளித்தவர்கள் நூற்றுக்கு 21.6 பேர். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் 25 பேர் சரியாகத் தொட்டிருப்பார்கள்! மாணவர்களிடம் கேட்டபோது பொருளியல் வகுப்பில் இருந்து எழுந்தவர்களில் 7.4 வீதத்தினரும், அவ்வகுப்புப் பக்கமே போகாதவர்களில் 17.2 வீதத்தினரும் சரியாகச் சொன்னார்கள். கேள்வியிலேயே குழப்பம் உண்டு என்று பின்னர் வேறு சிலர் வாதிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். எப்படியிருப்பினும், பாடத்தில் இருந்தது என்பதற்காகப் பிள்ளையின் கைக்கு அது வந்துவிட்டது என்று நினைக்க முடியாது.

எம்மவர் வீடுகளில் இந்த அமையச் செலவு தினமும் தவறவிடப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். சனிக்கிழமை ரியூஷன் வகுப்புக்கு மணித்தியாலத்துக்கு எத்தனை பவுண் என்று பார்க்கிறோம். அந்த மணித்தியாலத்தில் பிள்ளை வேறு என்ன செய்திருக்கும் என்று பார்ப்பதில்லை. தமிழ் வகுப்போ, மிருதங்கமோ, ஒரு நல்ல நித்திரையோ அங்கே போய்விடுகிறது. இலவச வகுப்பு என்றால் யோசிக்காமலே சேர்த்துவிடுகிறோம்.

இனி இரண்டாவது விடயம். முன்பே செலவாகி, இனித் திரும்பி வராத பணமும் நேரமும். இதனை மூழ்கிய செலவு என்பார்கள். இனி எடுக்கும் முடிவில் அதனைச் சேர்க்கக் கூடாது என்பது பாடம். ஆனால் மனித மனம் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. 1985ஆம் ஆண்டில் ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்து நாடகங்கள் அனைத்துக்கும் சேர்த்து ரிக்கற் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையாகிய 15 டொலருக்கும், சிலருக்கு 2 டொலர் அல்லது 7 டொலர் கழிவோடும் விற்றார்கள். பருவத்தின் முதற் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்குச் சமுகமளித்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசுதான் இழுத்துக்கொண்டு போனது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லாரிக், நிஸ்பெற், மோர்கன் என்போர் 1990களின் தொடக்கத்தில் பேராசிரியர்களையும் மாணவர்களையும் விசாரித்தார்கள். பிடிக்காத படத்தில் இருந்து பாதியில் எழுந்து வருவது, பயன் தராத வேலையைக் கைவிடுவது போன்றவற்றில் பொருளியல் பேராசிரியர்கள் ஏனைய துறையினரை விட முன்னின்றார்கள். அது அவர்களின் சுபாவமாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்காகவே மாணவர்கள் சிலருக்கு இவ்விதிகளைச் சிறிது நேரம் கற்பித்து, சில வாரங்களின் பின் வேறு ஏதோ ஆய்வு போலத் தொலைபேசியில் விசாரித்தார்கள். கற்பிக்கப்பட்டவர்களிடம் மாற்றம் தெரிந்தது. ஆகவே அன்றாட முடிவுகளை இப்பாடம் மாற்றக்கூடும் என்பது உண்மை.

ஆனால் அரைகுறையாகக் கற்றால் என்ன நடக்கும்? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகன் மூன்று வருடப் பொறியியல் பட்டப்படிப்பில் இரண்டு வருடங்களை முடித்திருந்தார். சட்டம் படிக்கவேண்டும் என்ற விருப்பம் வந்துவிட்டது. இதை விட்டுவிட்டு முதலாம் வருடத்தில் இருந்து சட்டம் தொடங்கப்போவதாகச் சொன்னார். தகப்பனார், "ரெண்டு வருசக் காசையும் கடலிலை கொட்டச் சொல்லுறியோ?" என்று கத்தினார். மகன் ஏ லெவலில் பொருளியல் படித்தவர். "அது மூழ்கிய செலவு அப்பா, கணக்கிலை எடுக்கப்படாது" என்று பதில் சொன்னார். அதன்பின் இரண்டு கிழமை அந்த வீட்டில் தகப்பனும் மகனும் பேசவில்லை. தாயார் என்னைக் கூப்பிட்டார்.

சமையலறை மேசையில் மூவரும் இருந்து ஒரு கடதாசியில் எழுதினோம். மகன் சொன்னபடியே கடந்த இரண்டு வருடங்களையும் அழித்துவிட்டோம். இன்றில் இருந்து மட்டும் கணக்கு. விட்டுவிட்டுச் சட்டம் தொடங்கினால் மூன்று வருடங்கள். பொறியியலில் மிகுதி ஒரு வருடத்தை முடித்தால், எந்தத் துறைப் பட்டதாரியும் சேரக்கூடிய சட்ட மாற்றுக் கற்கைநெறி இங்கிலாந்தில் ஒரு வருடம். மொத்தம் இரண்டு வருடங்கள், கையில் ஒரு பொறியியல் பட்டமும் இருக்கும். அத்துடன் இங்கிலாந்தில் பட்டப்படிப்புக்கான அரச கல்விக் கடன், முன்பு படித்த வருடங்களைக் கழித்தே கணக்கிடப்படுவதால், புதிதாகத் தொடங்கினால் ஒரு வருடக் கட்டணத்தைத் தாமே தேடவேண்டி வரலாம். மாற்றுக் கற்கைநெறிக்கும் செலவு உண்டு; அதையும் எழுதினோம். பிடிக்காத பாடத்தை இன்னும் ஒரு வருடம் படிக்கும் கசப்பையும் எழுதச் சொன்னேன், ஏனெனில் அதுவும் செலவுதான். மகன் நெடுநேரம் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு வருசம் எண்டால் தாங்குவன்" என்றார்.

தகப்பனாரின் முடிவு சரி, அவர் சொன்ன காரணம் பிழை. மகனின் காரணம் சரி, முடிவு பிழை. மூழ்கிய செலவை மறக்கவேண்டும் என்றால் படிப்பை விட்டுவிடவேண்டும் என்று அர்த்தமில்லை. இனி உள்ள பாதைகளைப் புதிதாக ஒப்பிடவேண்டும் என்பதே அர்த்தம். இரண்டு வருடம் மருத்துவம் படித்த பிள்ளை அழுதுகொண்டு வந்து நின்றால், அதே கடதாசியில் கணக்கு வேறு விதமாக வரக்கூடும் என்பதையும் பெற்றோர் மனதில் வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் பொருளியல் தரும் கருவிகள். அந்தத் தாயாரின் பயம் கருவிகளைப் பற்றியதல்ல, பிள்ளையின் மனதைப் பற்றியது. அதற்கு இப்போது வருகிறேன்.

எமது அன்னதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தவருக்கும் அதே சோறு, கொடுக்காதவருக்கும் அதே சோறு. தனக்கு எது லாபம் என்று மட்டும் பார்க்கும் ஒருவர் கொடுக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். எல்லோரும் அப்படி நினைத்தால் அடுப்பே எரியாது. இதனைப் பொருளியலில் ஒரு பெரிய பிரச்சினையாகப் படிப்பிப்பார்கள். எமது பேச்சில் ஓசிச் சவாரி. ஜெரால்ட் மார்வெல், ரூத் ஏம்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1981இல் விஸ்கொன்சினில் நடத்திய பரிசோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் பணப்பெறுமதியான வில்லைகள் கொடுக்கப்படும். தனக்கென்று வைத்தால் நிச்சயமான ஒரு தொகை. பொதுப் பானையில் போட்டால், எல்லோரும் போடும்போது அதிகமாகப் பெருகி, போட்டவர் போடாதவர் எல்லோருக்கும் பங்காகும். ஏனையோர் சராசரியாக 49 வீதத்தைப் பொதுப் பானையில் போட்டார்கள். பொருளியல் பட்டமேற்படிப்பு மாணவர்கள் போட்டது 20 வீதம் மட்டுமே. அதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. எவ்வளவு போடுவது நியாயம் என்று கேட்டபோது, பொருளியல் மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் பதில் சொல்ல மறுத்தார்கள், அல்லது விளங்காத பதிலைச் சொன்னார்கள். நியாயம் என்ற சொல் அவர்களின் கணக்கில் எங்கே வரும் என்றே தெரியவில்லை போலும்.

1993இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபேட் ஃபிராங், தோமஸ் கிலோவிச், டெனிஸ் ரீகன் ஆகியோரின் கட்டுரை வெளிவந்தது. இருவர் ஒருவருக்கொருவர் தெரியாமல் 'ஒத்துழை' அல்லது 'கைவிடு' என்று எழுதவேண்டும். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 2 டொலர். இருவரும் கைவிட்டால் ஆளுக்கு 1 டொலர். ஒருவர் ஒத்துழைக்க மற்றவர் கைவிட்டால், கைவிட்டவருக்கு 3 டொலர், ஒத்துழைத்தவருக்கு வெறுங்கை. பொருளியலைச் சிறப்புப் பாடமாகப் படிப்பவர்களில் 60.4 வீதத்தினர் கைவிட்டார்கள், ஏனையோரில் 38.8 வீதத்தினர். தகப்பனார் சொன்னது சரிதானே என்று இவ்விடத்தில் பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம்.

ஏனெனில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பாடம் பிள்ளையை அப்படி ஆக்கியதா, அல்லது அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் அந்தப் பாடத்தைத் தேடிப் போகிறார்களா? 1991இல் கார்ட்டர், அயன்ஸ் என்போர் நடத்திய ஒரு பங்கீட்டு விளையாட்டில், பொருளியலை அப்போதுதான் தொடங்கிய மாணவர்களிடமே அந்த வேறுபாடு காணப்பட்டது. சுவிற்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு தவணைப் பதிவின்போதும், வசதி குறைந்த மாணவருக்கான கடன் நிதிக்கு 7 பிராங்கும் வெளிநாட்டு மாணவருக்கான நிதிக்கு 5 பிராங்கும் தர விருப்பமா என்று கேட்கும் வழக்கம் இருந்தது. புறூணோ ஃபிரை, ஸ்ரெஃபான் மையர் என்போர் அப்பதிவுகளை ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். வணிகப் பொருளியல் மாணவர்கள் தொடக்கத்திலேயே குறைவாகக் கொடுத்தார்கள். படிப்பு ஏற ஏறக் கொடை குறைந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பதிவுகளை வைத்து 2011இல் வெளியான பௌமன், றோஸ் என்போரின் ஆய்வு சற்று வேறானது. பொருளியலைச் சிறப்பாகப் படிப்போர் முன்பிருந்தே குறைவாகக் கொடுப்பவர்கள்தான். ஆனால் வேறு துறையில் இருந்துகொண்டு ஓரிரு பொருளியல் வகுப்புகளை எடுத்தவர்கள் அதன்பின் குறைவாகக் கொடுத்தார்கள். அரைக் கிணறு தாண்டியவர்கள்தான் விழுந்தார்கள் போலும்.

இதற்கு நேர்மாறாக, 1996இல் வெளியான ஓர் ஆய்வில், வொஷிங்டன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் வகுப்பறைகளில் விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய கடித உறைகளைப் பணத்துடன் தவறவிட்டதுபோல் போட்டு வைத்தார்கள். பொருளியல் வகுப்புகளில் விடப்பட்டவற்றில் 56 வீதம் பணத்தோடு திரும்பி வந்தது. மற்ற வகுப்புகளில் 31 வீதம். விளையாட்டில் காட்டும் முகமும் வாழ்க்கையில் காட்டும் முகமும் ஒன்றல்ல.

எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்பதும் முக்கியம். இஸ்ரேலியப் பொருளியலாளர் ஆரியல் ரூபின்ஸ்ரைன் 2006இல் எழுதிய கட்டுரையில் ஒரு கேள்வி வருகிறது. 196 தொழிலாளர் உள்ள ஒரு கம்பனி. எத்தனை பேரை வைத்திருந்தால் எவ்வளவு லாபம் என்று அட்டவணை தரப்படுகிறது. நூறு பேரை வைத்துக்கொண்டு 96 பேரை நீக்கினால் லாபம் உச்சம். நீங்கள் பொறுப்பாளர் என்றால் எத்தனை பேரை நீக்குவீர்கள்? உச்ச லாபத்தைத் தெரிவு செய்தவர்கள் பொருளியல் மாணவர்களில் 49 வீதம், கணித மாணவர்களில் 16 வீதம், மெய்யியல் மாணவர்களில் 13 வீதம். ஆனால் அதே கேள்வியை அட்டவணைக்குப் பதிலாக ஒரு சமன்பாடாகக் கொடுத்தபோது, எத்துறை மாணவராயினும் பெரும்பாலானோர் உச்ச லாபத்தையே கணித்து எழுதினார்கள். சமன்பாட்டுக்குள் தொழிலாளியின் முகம் தெரிவதில்லை. இது பொருளியலுக்கு மட்டும் உரிய குறை அல்ல. பரீட்சைத் தாளை மட்டும் பார்த்துப் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடியது.

மனிதன் சுயநலத்தையே நாடுவான் என்பது பொருளியலில் கணக்கை இலகுவாக்க எடுத்துக்கொள்ளும் ஓர் அனுமானம். அதனை உலக வழக்கு என்றும், பிறகு புத்திமதி என்றும் பிள்ளை விளங்கிக்கொண்டால்தான் கேடு. பொருளியலின் தந்தை எனப்படும் அடம் ஸ்மித், நாடுகளின் செல்வத்தைப் பற்றி 1776இல் எழுதுவதற்குப் பதினேழு வருடங்களுக்கு முன்பே, பிறர் துன்பத்தில் நாம் பங்குகொள்வதைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதியவர். அமர்த்தியா சென் 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தன் லாபம் ஒன்றையே பார்ப்பவனைப் பகுத்தறிவுள்ள மூடன் என்றே அழைத்தது. இவையும் பொருளியல்தான்.

கோர்னெல் பரிசோதனையில் நான் வேண்டுமென்றே சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. சில குழுக்களில், விளையாட முன் ஒருவரோடொருவர் பேசவும் வாக்குக் கொடுக்கவும் அனுமதித்தார்கள். அந்தக் குழுக்களில் பொருளியல் மாணவருக்கும் ஏனையோருக்கும் இடையில் இருந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. மற்றவன் கைவிடுவான் என்ற எதிர்பார்ப்புத்தான் அவர்களையும் கைவிட வைத்திருக்க வேண்டும். முகம் பார்த்து வாக்குக் கொடுத்தபின் அந்த எதிர்பார்ப்பு மாறிவிடுகிறது. எமது ஆலயத்தில் உபயம் என்று ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்து, பெயரைப் பலகையில் எழுதி, சங்கற்பத்தில் கோத்திரம் நட்சத்திரத்தோடு சொல்லிவைத்த எமது முன்னோர் பொருளியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் ஓசிச் சவாரிக்கு அவர்கள் கண்ட மருந்து அதுதான்.

வருமானத்தைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். கலிபோர்னியாவின் சான்ரா குரூஸ் பல்கலைக்கழகத்தில் பொருளியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க, ஆரம்ப வகுப்புகளில் 2.8 என்ற சராசரிப் புள்ளி தேவையாக இருந்தது. அந்த எல்லையை மயிரிழையில் தாண்டியவர்களையும் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டு பிளீமர், மேத்தா என்போர் 2022இல் எழுதினார்கள். பொருளியல் படித்ததனால் தொழிலின் ஆரம்ப வருடங்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 22,000 டொலர் அதிகமாகக் கிடைத்தது. நிதி, வணிகத் துறை வேலைகளை நாடும் விருப்பமும் அவர்களிடம் கூடியிருந்தது. இங்கே பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்க நினைக்கும் பிள்ளைகள், கேம்பிரிட்ஜ், எல்.எஸ்.ஈ போன்ற இடங்கள் ஏ லெவலில் பொருளியலை விடக் கணிதத்தையே கட்டாயமாகக் கேட்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

அந்தத் தாயாரிடம் அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் பேசினேன். படிக்க விடுங்கள் என்றேன். வகுப்பில் என்ன படித்தாய் என்று வாரம் ஒருமுறை கேளுங்கள், தகப்பனாரையும் பக்கத்தில் இருத்துங்கள், அவள் சொல்லும் கணக்கில் யார் விடுபட்டுப் போனார்கள் என்று கேளுங்கள் என்றேன். மகளை மாதத்தில் ஒரு ஞாயிறு சமையலறைத் தொண்டுக்கும் அனுப்பச் சொன்னேன்.

செப்ரெம்பரில் பிள்ளை பொருளியல் வகுப்பில் சேர்ந்தாள். ஞாயிறுகளில் வெங்காயம் உரிக்கவும் வருகிறாள். வந்த இரண்டாம் நாளே, "அங்கிள், பந்தியிலை இருக்கிற எல்லாரும் காசு குடுக்கினமா?" என்று கேட்டாள். இல்லை, அரைவாசிப் பேர் கூடக் குடுப்பதில்லை என்றேன். "அப்ப எப்பிடி ஒவ்வொரு கிழமையும் சாப்பாடு நடக்குது? எங்கடை புத்தகத்தின்படி இது எப்பவோ நிண்டிருக்க வேணுமே!" கணக்குப் புத்தகத்தைப் பார்க்க அனுமதி கேட்டாள், பொருளாளர் கொடுத்திருக்கிறார். தான் கண்டுபிடிப்பதை அடுத்த இதழின் ஆங்கிலப் பகுதிக்கு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.